‘ஜுன்சி’ என்னும் சான்றோர்: பெண்ணுக்கும் உண்டா அந்த இடம்?

சீன மொழியிலே ‘ஜுன்சி’ என்றொரு சொல் உண்டு. இரண்டு எழுத்துக்களால் ஆன சொல். முதலாவது எழுத்துக்கு ஆள்பவர், பிரபு என்று பொருள். இரண்டாவதுக்கு மகன் என்று பொருள். சேர்த்து வாசித்தால் ‘பிரபுவின் மகன்’ என்றாகிறது. பெரிய இடத்துப் பிள்ளை என்று நாம் சொல்வதில்லையா, ஏறக்குறைய அதே கருத்துத்தான். ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆசிரியர் இந்தச் சொல்லைக் கையிலெடுத்து, அதன் பொருளையே மாற்றிவிட்டார். பிரபுவின் வீட்டில் பிறந்தாலும் நடத்தை சரியில்லையென்றால் அவன் ஜுன்சி ஆகமாட்டான். குடிசையில் பிறந்தாலும் தன்னைத் தானே திருத்திக்கொண்டு, பிறருக்கு முன்மாதிரியாக நடப்பவன் ஜுன்சி ஆவான் என்பது அவருடைய போதனை. அந்த ஆசிரியர்தான் கொன்பூசியஸ்.

தமிழிலே இதற்கு மிகவும் கிட்டிய சொல் ‘சான்றோர்’ என்றே நான் நினைக்கிறேன். அந்தச் சொல்லும் இப்படிப் பயணம் செய்த சொல்தான். சங்கப் பாடல்களிலே வீரர்களைக் குறித்தும் வருகின்ற இச்சொல், பின்னர் பண்பிலே நிறைந்தவர்களைக் குறிப்பதாக நிலைத்தது. ஆகவே ஜுன்சி என்று வரும் இடத்தில் சான்றோர் என்று நீங்கள் வாசித்துக்கொள்ளலாம்.

கொன்பூசியஸ் கி.மு. 551இல் லூ என்ற சிறிய நாட்டிலே பிறந்தார். இன்றைய சீனாவின் ஷாண்டோங் மாகாணத்திலுள்ள சூஃபு நகரம் அவருடைய ஊர். மூன்று வயதில் தகப்பனை இழந்தார் என்றும், தாய்தான் வறுமைக்குள் அவரை வளர்த்தெடுத்தார் என்றும் மரபு சொல்கிறது. அந்தத் தாயின் பெயர் யான் செங்சாய். உலகம் முழுவதும் அறிந்த ஒரு ஞானியை விதவைத் தாயொருத்தி தனியே வளர்த்திருக்கிறாள்; ஆனால் அவளுடைய பெயரைச் சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இளமையில் அவர் தானியக் களஞ்சியத்துக்குக் கணக்குப் பார்த்தார். ஆடு மாடுகளுக்குப் பொறுப்பாக இருந்தார். பின்னர்தான் ஆசிரியரானார். காய்ந்த இறைச்சிக் கட்டொன்றைக் காணிக்கையாகக் கொண்டு வருகின்ற எவருக்கும் கல்வி கொடுக்கத் தாம் மறுத்ததில்லை என்று அவர் சொன்னதாக அவருடைய உரையாடல்களின் தொகுப்பு கூறுகிறது. கல்வி உயர்குடியினரின் சொத்தாக இருந்த காலத்தில் இது சிறிய விடயமல்ல.

அந்தத் தொகுப்பு நூலிலே ஜுன்சி என்ற சொல் நூறு தடவைக்கு மேல் வருகிறது. நான் அதை ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் வாசித்தேன். வாசிக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஜுன்சி யார் என்று இலக்கணம் வகுப்பதற்கு அவர் அவசரப்படவில்லை. பெரும்பாலும் ‘சிறிய மனிதன்’ என்று இன்னொருவனைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேரும் நடக்கின்ற விதத்தைக் காட்டுகிறார். ஒரு காரியம் வந்தால் இது சரியா என்று பார்ப்பவர் ஜுன்சி; இதனால் எனக்கு என்ன இலாபம் என்று பார்ப்பவன் சிறிய மனிதன். பிழை நேர்ந்தால் ஒருவர் தன்னுள்ளே தேடுகிறார்; மற்றவன் அயலவரிடம் தேடுகிறான். சொல் பெரிதாகவும் செயல் சிறிதாகவும் போனால் ஜுன்சிக்கு வெட்கம் வந்துவிடும். எல்லோருடனும் இசைந்து போவார், ஆனால் எல்லோரும் சொல்வதற்கெல்லாம் தலையாட்டமாட்டார்.

ஒரு நாள் குதிரை லாயம் தீப்பிடித்துவிட்டது. அரசவையிலிருந்து திரும்பி வந்த கொன்பூசியஸ் ஆட்களுக்கு ஏதும் நேர்ந்ததா என்று கேட்டார். குதிரைகளைப் பற்றிக் கேட்கவேயில்லை. குதிரை விலை கூடியது. லாயத்தில் வேலை செய்பவனோ மலிந்தவன். அப்படிப்பட்ட காலம் அது.

அவருடைய மாணவர்களில் யான் ஹுய் என்பவர் பரம ஏழை. ஒடுங்கிய சந்தொன்றில் குடியிருந்தார். ஒரு மூங்கில் கலத்தில் சோறு, ஒரு சுரைக் குடுவையில் தண்ணீர், அவ்வளவுதான் அவருடைய சீவியம். அப்படியிருந்தும் அவருடைய மனமகிழ்ச்சி குறையவில்லை என்று ஆசிரியர் வியந்து போற்றினார். இன்னொருவர் சிலூ. முரட்டு ஆள், சேவல் இறகு செருகிய தொப்பியோடு திரிந்தவர். கி.மு. 480இல் வெய் நாட்டிலே நடந்த ஆட்சிக் கலகத்தில், தாம் பணிபுரிந்த தலைவனைக் காப்பாற்றப் போய்ச் சண்டையில் வெட்டுப்பட்டார். தொப்பியின் நாடா அறுந்தது. சான்றோன் தொப்பியில்லாமல் சாகக்கூடாது என்று சொல்லி, நாடாவைத் திரும்பக் கட்டிக்கொண்டே உயிர்விட்டார் என்பது கதை. எனக்கு இந்தக் கதையிலே பாதி மரியாதையும் பாதிச் சிரிப்பும் வரும். ஆனால் முரடனொருவன் ஆசிரியரின் பேச்சைக் கேட்டுக் கேட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

ரான் யோங் என்றொரு மாணவரின் தகப்பன் தாழ்ந்த நிலையிலிருந்தவர். அதற்காக அவரை ஒதுக்கலாமா? உழவு மாட்டுக்குப் பிறந்த கன்றானாலும், நிறமும் கொம்பும் நன்றாக அமைந்திருந்தால் மலைத் தெய்வங்கள் அதை வேண்டாமென்று சொல்லுமா என்று கொன்பூசியஸ் திருப்பிக் கேட்டார். பிறப்பு என்ற கதவை அவர் உடைத்தது உண்மை.

அந்தக் கதவின் வழியே உள்ளே போனவர்கள் யார்? மூவாயிரம் மாணவர்கள், அவர்களில் எழுபத்திரண்டு பேர் தேர்ச்சி பெற்றவர்கள் என்று மரபு கணக்குச் சொல்கிறது. ஒருவர்கூடப் பெண் இல்லை. போதாததற்குப் பெண்களையும் சிறிய மனிதரையும் ஒன்றாகச் சேர்த்து, இவர்களை வைத்து நடத்துவது கடினம், கிட்ட வைத்தால் மரியாதை கெடும், தூர வைத்தால் மனக்குறை வரும் என்ற கருத்தில் ஒரு வசனமும் அவர் பெயரால் நூலிலே இருக்கின்றது. அது வீட்டுப் பணிப்பெண்களையும் வேலைக்காரரையும் பற்றிய பேச்சு என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனாலும் பல நூற்றாண்டுகளாக அந்த வசனம் எல்லாப் பெண்களுக்கும் சேர்த்தே வாசிக்கப்பட்டது என்பதை மறைக்க முடியாது.

இதை வேறு யாருக்கோ நடந்த கதையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் படிப்பித்த காலத்திலே உயர்தர வகுப்பு மாணவியரிடம், சான்றோர் என்று நீங்கள் கருதும் ஐந்து பேரை எழுதுங்கள் என்று ஒருமுறை கேட்டிருந்தேன். இருபத்தெட்டுக் கடதாசிகள் வந்தன. அவற்றில் பெண் பெயர் இருந்தவை நான்கு. அந்த நான்கிலும் மூன்று பேர் எழுதியிருந்தது தங்கள் அம்மாவை. மகன் சான்றோன் என்று ஊர் சொல்லக் கேட்டுத் தாய் மகிழ்வதைக் குறள் பேசுகிறது. தாய் சான்றோள் என்று ஊர் சொல்லி மகன் மகிழ்ந்ததாகச் சொல்லும் பாட்டொன்றும் என் கண்ணில் படவில்லை.

சரி, சீனத்துக்கே திரும்புவோம். கொன்பூசியஸ் ஒரு பெண்ணை மெச்சியதாகவும் பழைய நூல்களில் வருகிறது. ஜிங் ஜியாங் என்பவர் லூ நாட்டின் பெரிய குடும்பமொன்றின் விதவை. மகன் அரச சேவையில் இருக்கிறான். ஒரு நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது தாய் சணல் நார் நூற்றுக்கொண்டிருந்தார். நம்முடைய குடும்பத்துப் பெரியவர் இப்படி வேலை செய்தால் உறவினர் என்ன நினைப்பார்கள் என்று அவன் முகம் சுளித்தான். தாய் அவனை உட்கார வைத்து ஒரு பாடமே நடத்திவிட்டார். அரசி முதற்கொண்டு குடியானவன் மனைவி வரை ஒவ்வொருத்திக்கும் நெய்ய வேண்டிய பங்கு உண்டு. உடல் நோக உழைப்பவனுக்கு நல்ல சிந்தனை வரும், சும்மா இருப்பவனுக்குக் கெட்ட புத்திதான் வரும். உன்னைப் போன்றவர்கள் பதவியிலிருந்தால் இந்த நாடு என்னவாகும் என்று கேட்டார். இதைக் கேள்விப்பட்ட கொன்பூசியஸ், குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று தம் மாணவர்களுக்குச் சொன்னாராம். அமைச்சனுக்கு ஆட்சி நெறி படிப்பித்த பெண் அவர். நூல் நூற்றபடியே படிப்பித்தார்.

கி.மு. முதலாம் நூற்றாண்டிலே லியு சியாங் என்ற அறிஞர் முன்மாதிரியான பெண்களின் கதைகளைத் திரட்டி நூலாக்கினார். அதிலே அடிக்கடி கதையின் முடிவில் ‘ஜுன்சி’ வந்து தீர்ப்புச் சொல்வார். இந்தப் பெண் முறையறிந்தவள், இவள் அறிவுடையவள் என்பதுபோல. இது எனக்கு நெருடலாகவே இருந்தது. பெண் பரீட்சை எழுதுகிறாள். சான்றோர் புள்ளி போடுகிறார். புள்ளி எவ்வளவு நன்றாக வந்தாலும் அவள் மேசையின் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறாள்.

ஆனாலும் அந்த நூலிலே ஒரு கதை உண்டு. மென்சியஸ் என்ற பெரும் ஞானியின் தாய், மகனின் படிப்புக்காக மூன்று தடவை வீடு மாறிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். மயானத்தின் பக்கத்திலும் சந்தையின் பக்கத்திலும் இருந்து பார்த்துவிட்டுக் கடைசியில் பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் குடியேறினார். நான் சொல்ல வருவது அதற்குப் பிந்திய கதை. மென்சியஸ் கலியாணம் செய்த பின்னர், ஒரு நாள் அறிவிக்காமல் அறைக்குள் நுழைந்துவிட்டார். மனைவி சரியாக உடுத்தியிருக்கவில்லை. அவருக்குக் கோபம், முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியேறினார். மனைவி நேரே மாமியாரிடம் போய், என்னைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டாள். மாமியார் மகனைக் கூப்பிட்டார். வாசலில் வந்தால் உள்ளே யார் என்று கேட்க வேண்டும், கூடத்துக்குள் வரும்போது குரல் கொடுக்க வேண்டும், அறைக்குள் நுழையும்போது பார்வையைத் தாழ்த்த வேண்டும். முறை தவறியவன் நீ, அவளிடம் முறை எதிர்பார்க்கிறாயே என்று கண்டித்தார். மகன் பிழையை ஒப்புக்கொண்டார். மருமகள் வீட்டிலேயே இருந்தாள். மாமியார் கதைகள் எத்தனையோ கேட்டிருக்கிறோம், இப்படியொன்றை அதிகம் கேட்டதில்லை. ஞானிக்கே சான்றாண்மை படிப்பித்தது வீட்டுக்குள் இருந்த ஒரு பெண்தான்.

கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பான் சாவோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளமையிலே விதவையானவர். அண்ணன் சிறையில் இறந்துபோக, அவர் முடிக்காமல் விட்ட ஹான் வம்ச வரலாற்றை அரச கட்டளைப்படி நிறைவு செய்தவர்களில் முக்கியமானவர், அரசிக்கு ஆசிரியை. மகளிருக்கு அவர் எழுதிய சிறு நூல் பணிவையும் அடக்கத்தையும் மறுமணம் செய்யாமையையும் வலியுறுத்துகிறது. இன்று வாசித்தால் கையிலிருந்து வைத்துவிடத் தோன்றும். அதற்குள்ளேயே அவர் கேட்கும் கேள்வியொன்றும் இருக்கிறது: ஆண்பிள்ளைக்கு எட்டு வயதில் எழுத்துப் படிப்பிக்கிறீர்கள், பதினைந்தில் பெரிய கல்விக்கு அனுப்புகிறீர்கள், பெண்பிள்ளைக்கு மாத்திரம் அது ஏன் இல்லை என்பது அதன் சாரம். அந்தக் கேள்வியை உலகம் மறந்தது. பணிவைப் பற்றிய பகுதி மாத்திரம் ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் பெண்களின் தலையில் ஏறியிருந்தது. அரச பரீட்சைகள் 1905 வரை நடந்தன, கொன்பூசிய நூல்களே பாடம், பெண்களுக்கு அனுமதியில்லை. மறுமணம் செய்யாத விதவைகளுக்குக் கல்லிலே தோரணவாயில் கட்டினார்கள்.

இந்த நிலையில் ஜுன்சி என்ற இலட்சியத்தைப் பெண்கள் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. கொன்பூசியக் கல்வியைச் சீனாவைவிடவும் இறுக்கமாகக் கடைப்பிடித்த கொரியாவிலே, அதைத் தனக்குரியதாக எடுத்துக்கொண்ட ஒரு பெண் வாழ்ந்தார். பெயர் இம் யுன்ஜிதாங். பிறந்தது 1721இல். சிறு வயதில் தகப்பன் இறந்துவிட்டார். அண்ணன் இம் சொங்ஜு பெரிய தத்துவ அறிஞர்; தங்கைக்கு அவர்தான் நூல்களைப் படிப்பித்தார். சகோதரர்கள் கூடியிருந்து விவாதிக்கும்போது இவர் இடையிலே சொல்லும் ஒரு சொல் எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தும். நீ ஆணாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கவலைப்பட்டார்களாம். அன்பினால் சொன்ன பேச்சுத்தான். இருந்தாலும் கேட்டவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பத்தொன்பது வயதில் கலியாணம், இருபத்தேழு வயதில் விதவை. பெற்ற பிள்ளையும் தங்கவில்லை. எடுத்து வளர்த்த மகனும் அவருக்கு முன்னரே போய்விட்டான். புகுந்த வீட்டிலே பகலெல்லாம் குசினியும் முதியோர் பராமரிப்பும் தையலும். இரவு எல்லோரும் உறங்கிய பின்னர், துணியிலே சுற்றி வைத்த நூல்களை எடுத்து விரித்து, தாழ்ந்த குரலில் வாசிப்பார். இவர் படித்தவர் என்பதே புகுந்த வீட்டில் நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. அந்த இரவுகளிலிருந்து வந்தவைதான் அவருடைய கட்டுரைகள். யான் ஹுய் என்ற ஏழை மாணவனின் மகிழ்ச்சி எத்தகையது என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒடுங்கிய சந்தையும் ஒரு கலம் சோற்றையும் பற்றி எத்தனையோ ஆண் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். சாமத்தில் விளக்கின் முன்னாலிருந்து, நாளை விடிந்தால் செய்ய வேண்டிய வேலைகளுக்கு நடுவே அதை எழுதியவருக்கு அந்த மகிழ்ச்சியைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இன்னொரு கட்டுரையிலே அவர் நேரடியாகவே சொல்லிவிட்டார். தாம் பெண்ணானாலும், வானம் கொடுத்த இயல்பிலே ஆண் பெண் வேறுபாடு கிடையாது என்பது அவருடைய வாதம். வானம் கொடுத்த இயல்பைப் பண்படுத்துவதுதான் சான்றாண்மை என்று அந்த அறிஞர்களே சொல்கிறார்கள். அப்படியென்றால் பெண்ணுக்கு அந்த வழியை அடைப்பதற்கு அவர்களுடைய நூலிலேயே நியாயம் இல்லை. புதிய சட்டமொன்றும் அவர் கேட்கவில்லை. அவர்களுடைய கணக்கையே சரியாகக் கூட்டிக் காட்டினார். சான்றோருக்கும் மேலான ஞானியர் நிலையையே தமது இலக்காக வைத்திருந்தார்.

முதுமையில் தமது எழுத்துக்களைப் பிரதி செய்து தம்பிக்கு அனுப்பினார். தாம் இறந்த பின்னர் இவை சோயாச் சாடிகளை மூடும் கடதாசியாகப் போய்விடுமோ என்ற கவலையை அதனுடன் எழுதியிருந்தார். 1793இல் காலமானார். தம்பியும் கணவனின் தம்பியும் சேர்ந்து 1796இல் அவற்றை நூலாக்கினார்கள்.

அந்தக் கடதாசி சாடிக்குப் போகாததால் ஒரு விளைவு உண்டாயிற்று. காங் ஜொங்கில்தாங் என்பவர் (1772–1832) அதை அறிந்திருந்தார். இவர் இன்னும் வறியவர். தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்து, தன்னைவிட ஆறு வயது இளையவரான கணவனைப் படிக்க வைத்தார். பக்கத்திலிருந்து தைத்தபடியே தானும் படித்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவரும் ஒரு வயது தாண்டவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை நின்றுவிடுகிறது. கணவனுக்கு அவர் எழுதி அனுப்பிய சிறு துண்டுகள் இன்றும் இருக்கின்றன. ஒன்றிலே, இப்போது நீங்கள் ஒருவரைக் கண்டித்த குரல் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று திருத்துகிறார். இன்னொன்றிலே, மூன்று நாளாகச் சோறு ஆக்கவில்லை, படிக்க வரும் பிள்ளை கொண்டு வந்த கொடியிலே சில பூசணிப் பிஞ்சுகள் கிடைத்தன, சூப் வைத்திருக்கிறேன் என்கிறார். வேறொரு கடிதத்திலே யுன்ஜிதாங்கின் அந்தக் கருத்தை நினைவூட்டி, பெண்ணும் முயன்றால் ஞானியர் நிலைக்கு வரலாம் என்றுதானே ஆகிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். கணவன் என்ன சொன்னாரோ! மனைவி இறந்தபின் 1836இல் அவருடைய எழுத்துக்களை நூலாக வெளியிட்டவர் அவர்தான்.

இவர்களை மெச்சுவதில் ஆபத்தும் உண்டு. 1907இல் டோக்கியோவிலிருந்து எழுதிய ஹெ-யின் சென் என்ற சீனப் பெண்ணிலைவாதி, கொன்பூசியக் கல்வியே பெண்ணை அடக்கும் கருவி என்றார். அதற்குத் துணைபோனவர் என்று பான் சாவோவையும் கடுமையாகச் சாடினார். பொறுத்துப் போகின்ற பெண்ணைச் சான்றோள் என்று புகழ்வது, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்வதற்கான வழியாகிவிடும் என்பதை நாமும் அறிவோம். அவருடைய கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆயினும் யுன்ஜிதாங் பொறுமையினால் சான்றோர் ஆனவர் என்று நான் கருதவில்லை. குறித்த ஒரு வேலைக்கென்று வார்த்த பாத்திரமாகச் சான்றோரைக் கருத முடியாது என்பது கொன்பூசியஸின் கருத்து. மகள், மனைவி, விதவை என்று அச்சிலே வார்க்கப்பட்ட ஒருத்தி, இரவிலே அந்த அச்சை உடைத்து வெளியே வந்து சிந்தித்தாள். அவளைச் சான்றோர் ஆக்கியது அதுதான்.

கொரியாவிலே வீட்டின் சட்டபூர்வத் தலைமை ஆணுக்கே உரியது என்ற ஏற்பாட்டை, கொன்பூசிய அமைப்புகளின் எதிர்ப்பையும் மீறி, 2008ஆம் ஆண்டு முதல் நீக்கிவிட்டார்கள். 2005இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் பெண்களும் குல சங்கத்தின் உறுப்பினரே என்று தீர்ப்பளித்தது. 2023இல் அதே நீதிமன்றம், குடும்பத்துக்குள் இணக்கம் ஏற்படாவிட்டால், மூதாதையர் கிரியைக்குத் தலைமை தாங்கும் உரிமை ஆணென்றாலும் பெண்ணென்றாலும் வயதில் மூத்த பிள்ளைக்கே என்றது.

இன்று சீனாவிலே ஒரு பெண்ணை மரியாதையாக விளிப்பதற்கு ‘நுஷி’ என்ற சொல்லைப் பாவிக்கிறார்கள். திருமணமானவரா இல்லையா என்று பார்ப்பதில்லை. வங்கியிலும் வைத்தியசாலையிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஏழாம் நூற்றாண்டிலே உரை எழுதிய கொங் யிங்தா அந்தச் சொல்லுக்குக் கொடுத்த விளக்கம், கற்ற சான்றோரின் நடத்தையையுடைய பெண் என்பதாகும்.

கொன்பூசியஸின் வம்சத்தார் தங்கள் குலப் பதிவேட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருகிறார்கள். 1937இல் வெளிவந்த பதிப்புக்குப் பின்னர் 2009இல் அதைப் புதுப்பித்தார்கள். இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள். யான் செங்சாயின் மகனுடைய அந்தப் பதிவேட்டிலே, முதன்முறையாகப் பெண்பிள்ளைகளின் பெயர்களும் வம்சத்தாராகப் பதியப்பட்டிருக்கின்றன.